வாட் கணக்கும் வாங்குவோர் நலனும்: ஆம்ப்ளிபயரைக் குறைந்த செலவில் அளந்தறிதல்

கிராம சபைக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, வேளாண் விளக்கக் கூட்டம், வெள்ள எச்சரிக்கை ஆகிய யாவற்றுக்கும் ஆம்ப்ளிபயர் இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. நாடெங்கும் உள்ள பள்ளிகளும் ஊராட்சிகளும் பொதுப் பணத்தில் இதனை வாங்குகின்றன. ஆனால் வாங்கிய கருவி, அதன் முகப்பில் அச்சிடப்பட்ட திறனை உண்மையிலேயே தருகிறதா என்று சோதித்துப் பார்ப்போர் மிகச் சிலரே. சோதிப்பதற்கான கருவி விலைமிக்கது என்ற எண்ணமே இதற்கு முதற்காரணம் எனலாம். அந்த எண்ணம் இன்று முழுவதும் பொருந்தாது.

சந்தையும் தகவலும்

பொருளின் தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். இத்தகைய சந்தையில் தரமற்ற பொருள் தரமான பொருளை வெளியேற்றிவிடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எடுத்துக்காட்டினார். அவர் 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய மோட்டார் கார். ஆம்ப்ளிபயர் சந்தைக்கும் அது அப்படியே பொருந்தும். 20 வாட் கருவியை 20 வாட் என்றே நேர்மையாக எழுதி விற்கும் சிறுதொழில் முனைவோர், அதே கருவியை 200 வாட் என்று எழுதி விற்பவரோடு போட்டியிட இயலாது.

"பி.எம்.பி.ஓ." என்ற பெயரில் பெட்டிகளின்மீது அச்சிடப்படும் ஆயிரக்கணக்கான வாட்களுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவை முறை ஏதும் இல்லை. அமெரிக்க நாட்டில் இக்குறையைப் போக்க 1974இல் வாணிப ஆணையம் ஒரு விதியை இயற்றியது. 2024இல் அது திருத்தப்பட்டது. நம் நாட்டில் 2012இல் மைய அரசு பிறப்பித்த கட்டாயப் பதிவு ஆணை சிலவகை ஆம்ப்ளிபயர்களையும் உள்ளடக்கியது; ஆயினும் அதன் நோக்கம் மின்பாதுகாப்பே. தவறான விளம்பரத்தின்மீது நடவடிக்கை எடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. எனினும், அளவீடு ஒன்று கையில் இருந்தால்தான் முறையீடு வலுப்பெறும்.

தில்லியில் உருவான கருவி

1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவால் புதுதில்லியில் நிறுவப்பட்ட அணு அறிவியல் மையம், 2005இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு மலிவான கருவிகளை உருவாக்கும் பீனிக்ஸ் திட்டத்தை இம்மையம் 2004இல் தொடங்கியது. அதன் விளைவே "எக்ஸ்ப்-ஐஸ்" எனும் கையடக்கப் பெட்டி.

இது கணினியின் யு.எஸ்.பி. இணைப்பிலிருந்தே மின்சாரம் பெறுகிறது. அலைக்காட்டி, சைன் அலை பிறப்பிப்பி, மின்னழுத்த அளவி ஆகியவை இதனுள் அடங்கும். விலை சில ஆயிரம் ரூபாய். ஒலியளவைக்கெனத் தயாரிக்கப்படும் ஆய்வுக்கூடக் கருவிகளோ இலட்சக்கணக்கில் விலை பெறுபவை. எக்ஸ்ப்-ஐஸின் மின்சுற்றும் மென்பொருளும் எவரும் பயன்படுத்துமாறு வெளியிடப்பட்டுள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

அளக்கும் முறை

முதற்கண், ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, அதற்கு ஈடாக 8 ஓம் மதிப்புள்ள கம்பிச்சுற்று மின்தடையை இணைக்க வேண்டும். ஒலிபெருக்கியின் மின்தடுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால் கணக்குப் பிழைபடும். மின்தடை வெகுவாகச் சூடேறும். ஆகவே, எதிர்பார்க்கும் திறனைப்போல் இருமடங்கு தாங்கக்கூடியதாக அது இருத்தல் நலம்.

அடுத்து, எக்ஸ்ப்-ஐஸின் சைன் அலையை 1000 ஹெர்ட்சில், 80 மில்லிவோல்ட் உச்சியளவில் ஆம்ப்ளிபயரின் உள்ளீட்டில் செலுத்துக. வெளியீட்டை ஏ1 முனையில் காண்க. வெளியீட்டின் உச்சி 1.6 வோல்ட் எனில் பெருக்கம் 20 மடங்கு. அதாவது 26 டெசிபெல்.

பிறகு ஒலியளவுக் குமிழை மெல்லத் திருப்புக. ஒரு நிலையில் அலையின் உச்சி தட்டையாகும். அதற்குச் சற்று முந்தைய நிலையே கருவி தூய்மையாகத் தரக்கூடிய எல்லை. குமிழை முழுதும் திருப்பியும் உச்சி தட்டையாகவில்லையெனில் உள்ளீட்டை 1 வோல்ட்டாக உயர்த்தலாம். எல்லைநிலையின் உச்சி மின்னழுத்தத்தை வர்க்கமாக்கி, மின்தடையின் இருமடங்கால் வகுத்தால் திறன் கிடைக்கும். உச்சி 12 வோல்ட் எனில், 144ஐ 16ஆல் வகுக்க, 9 வாட்.

இதே கணக்கைக் கொண்டு, கருவியைத் திறவாமலே விளம்பரத்தை எடைபோடலாம். 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சாதாரண ஆம்ப்ளிபயரின் உச்சி 6 வோல்ட்டைத் தாண்டாது. 4 ஓம் சுமையில் அது 4.5 வாட். பால இணைப்பு முறையில் அமைந்ததாயின் உச்சி 12 வோல்ட். திறன் 18 வாட். மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதி உள்ளே இல்லாதவரை, இத்தகைய கருவியின் ஒரு வெளியீட்டில் 200 வாட் கிடைக்க வழியே இல்லை.

அலையின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அளந்தால், எந்த எல்லைகளில் வெளியீடு 70.7 சதவீதமாகக் குறைகிறது என்பது புலப்படும். அங்கே திறன் பாதியாகிறது. மேலும், உள்ளீட்டை எர்த்துடன் குறுக்கிணைத்த பின்னும் வெளியீட்டில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் தோன்றினால், மின்வழங்கியில் உள்ள வடிகட்டும் மின்தேக்கியைச் சந்தேகிக்கலாம்.

எச்சரிக்கைகள்

ஏ1, ஏ2 முனைகள் 16 வோல்ட் வரையே ஏற்கும். 8 ஓம் சுமையில் 100 வாட் தரும் கருவியின் உச்சி 40 வோல்ட் ஆகும். எனவே மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் இரு மின்தடைகளை இடையே அமைத்தாக வேண்டும். பால இணைப்பு ஆம்ப்ளிபயரின் வெளியீட்டு முனை எதையும் எர்த்துடன் சேர்த்தல் ஆகாது. இரு முனைகளையும் முறையே ஏ1, ஏ2 ஆகியவற்றில் இணைத்து, இரண்டின் வேறுபாட்டைக் கணக்கிடுவதே முறை. மடிக்கணினியை மின்கலத்தில் இயக்குவது பாதுகாப்பானது.

கருவியின் வரம்பையும் உணர்தல் வேண்டும். இதன் அளவீடு 12 பிட். அதாவது 4096 படிகள். 32 வோல்ட் முழு வீச்சில் ஒரு படி ஏறத்தாழ 8 மில்லிவோல்ட். ஆகவே ஒரு சதவீத அளவிலான அலைத்திரிபை இதனால் மதிப்பிடலாம். உயர்தர இசைக்கருவிகளின் 0.01 சதவீதத் திரிபை அறிய இது போதாது. அலை பிறப்பிப்பிக்கும் தனக்கெனச் சிறு திரிபு உண்டு. அதனை நேரே ஏ1 முனையில் இணைத்து முதலில் அளந்து கொள்ள வேண்டும். அது 5000 ஹெர்ட்ஸ் வரையே செயற்படும். ஆயினும் தொலைபேசி வழியே நாம் கேட்ட பேச்சு நெடுங்காலம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தது. கூட்டங்களில் பேச்சுத் தெளிவை நாடும் கருவிக்கு இந்த வரம்பு பெருங்குறையன்று.

செய்யத்தக்கவை

கொள்முதல் செய்யும் அலுவலர்கள் "200 வாட் ஆம்ப்ளிபயர்" என்று மட்டும் குறிப்பிடுவதை விடுத்து, சுமை எத்தனை ஓம், அதிர்வெண் யாது, அனுமதிக்கும் திரிபு எத்தனை சதவீதம், தொடர்ந்து தரவேண்டிய திறன் எவ்வளவு என நான்கையும் எழுதுதல் வேண்டும். அந்நான்கும் இல்லாத வாட் எண்ணுக்குப் பொருளில்லை. பொருளை ஏற்குமுன் மாவட்டத்திலுள்ள பாலிடெக்னிக் அல்லது தொழிற்பயிற்சி நிலையத்தில் மாதிரி ஒன்றைச் சோதிக்கச் செய்யலாம். மாணவர்க்கு அது செய்முறைப் பயிற்சி, அரசுக்குச் சிக்கனம். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் கருவியின் உண்மைத் திறனை அச்சிட்டு விற்கும் சிறு உற்பத்தியாளர், அந்த நேர்மையின் காரணமாகவே தொழிலை இழக்க நேராது.