நாற்பது நாள் நெருப்புக் காவல்!

குட்டீஸ்... மார்கழி மாதக் காலையில் போர்வையை விட்டு எழுந்திருக்க உங்களுக்கு எவ்வளவு சோம்பலாக இருக்கும்! "ஐயோ, என்ன குளிர்!" என்று முனகுவீர்கள். சென்னையில் அந்த நேரத்தில் சுமார் 20 டிகிரி வெப்பம் இருக்கும். ஸ்ரீநகர் சிறுவர்களிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி அதிகாலையில் அங்கே மைனஸ் 8.5 டிகிரி! டிசம்பர் மாதத்தில் அவ்வளவு குளிரான இரவு வந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டிசம்பர் 21 அன்றுதான் காஷ்மீரில் 'சில்லாய் கலான்' பிறக்கிறது. மொத்தம் நாற்பது நாள். அது போனதும் இருபது நாள் 'சில்லாய் குர்த்'. கடைசியாகப் பத்து நாள் 'சில்லாய் பச்சா'. பெரிய குளிர், சின்னக் குளிர், குட்டிக் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏதோ அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஊருக்கு வருவதுபோல் பெயர் வைத்திருக்கிறார்கள்!

நமக்குக் கோடையில் நீண்ட லீவு. அவர்களுக்குக் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கும் மேலாக லீவு. "ஆஹா!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நீங்களும் அங்கே ஒரு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது.

இலையுதிர் காலத்திலேயே வேலை தொடங்கிவிடும். விறகைப் பிளந்து, மழையும் பனியும் படாத இடத்தில் அடுக்க வேண்டும். ஈர விறகு எரிந்தால் சூட்டைவிடப் புகைதான் அதிகம். சினார் மரத்திலிருந்து கை அகலத்துக்குச் சிவந்த இலைகள் கொட்டும். அவற்றைக் கூட்டிக் குவித்து எரித்து, பாதியிலேயே தண்ணீர் தெளித்து அணைத்தால் இலைக்கரி கிடைக்கும். இது பழைய வழக்கம். காற்று கெட்டுப்போகிறது என்பதால் இப்போது இலை எரிப்பதைத் தடுக்கிறார்கள்.

இந்தக் கரி எதற்கு? காங்கிரிக்கு! சின்ன மண்சட்டி ஒன்று. அதைச் சுற்றிப் பிரம்புக்கூடை போன்ற பின்னல். தூக்கிச் செல்லக் கைப்பிடி. இதுதான் காங்கிரி. அடியில் கரித்தூள், மேலே நாலைந்து தணல், அதற்கும் மேலே சாம்பல் போர்வை. காஷ்மீரத்து மக்கள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் 'பெரன்' என்ற தொளதொள அங்கியை அணிந்திருப்பார்கள். அதற்குள்ளே காங்கிரியை வைத்துக்கொண்டு கடைக்கும் போவார்கள், கதையும் பேசுவார்கள். சூடு குறைந்தால் சிறு கரண்டியால் சாம்பலை லேசாகக் கிளறினால் போதும். பல மணி நேரம் தாங்கும். சரார்-இ-ஷெரீப் என்ற ஊர் காங்கிரிகளுக்கு ரொம்பப் பிரபலம்.

ஆனால், இதை ஆண்டுக்கணக்கில் தொடையிலும் வயிற்றிலும் ஒட்டியே வைத்திருந்தால் தோல் கருத்து, சிலருக்குப் புற்றுநோயே வரும். எல்ம்ஸ்லி என்ற டாக்டர் ஸ்ரீநகரில் இதைக் கவனித்து எழுதியது 1866-ம் ஆண்டிலேயே! அதனால் காங்கிரி உடம்பில் படக்கூடாது. தூங்கும்போது படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. புரண்டு படுத்தால் மெத்தை பற்றிக்கொள்ளும்.

அடுத்தது ஹமாம். சோப்பு இல்லைங்க! அரபு மொழியில் குளியலறைக்கு அந்தப் பெயர். காஷ்மீரில் மசூதிகளிலும் சில வீடுகளிலும் ஹமாம் அறை உண்டு. தரை முழுக்கக் கற்பலகை. அதற்கு அடியில் காலியிடம். வெளியிலிருந்து அங்கே விறகு போட்டு எரிப்பார்கள். சூடும் புகையும் கல்லுக்கு அடியிலேயே ஓடி, புகைபோக்கி வழியாக வெளியேறும். கல் மெல்லச் சூடாகும், மெல்லத்தான் ஆறும். நெருப்பு அணைந்தபிறகும் தரை வெதுவெதுவென்று இருக்கும். அந்த அடுப்பின் மேலேயே செம்புப் பாத்திரம் பதித்திருப்பதால் வெந்நீரும் தயார். நம் வீடுகளில் முன்பு இருந்த வெந்நீர்த் தவலைக்கு இது பெரியண்ணன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரிசல் விட்டிருக்கிறதா என்று குளிருக்கு முன்பே பார்த்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புகை அறைக்குள் வந்துவிடும்.

ஹமாம் கட்ட நிறையச் செலவாகும். பல வீடுகளில் இருப்பது புகாரி. உங்களுடைய முக்கியமான வேலையும் இதில்தான்!

புகாரி என்பது தகரத்தால் செய்த உருளை அடுப்பு. அறையின் நடுவே நிற்கும். அதன் தலையிலிருந்து ஒரு தகரக் குழாய் கிளம்பி, வளைந்து, சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியே போகும். விறகு, நிலக்கரி, மரத்தூள் என்று விதவிதமாக உண்டு. மரத்தூள் புகாரியை நிரப்புவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். நடுவே ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி இடித்து இறுக்கிவிட்டு, கட்டையை மெல்ல உருவினால் நடுவில் ஒரு துளை இருக்கும். அதன் அடியில் நெருப்பு வைத்தால் மணிக்கணக்கில் எரியும். 'அட, இது எங்களுக்கும் தெரியுமே' என்று உங்கள் பாட்டி சொன்னாலும் சொல்லுவார். நடுவில் பாட்டிலை வைத்து மரத்தூள் அடுப்பு நிரப்பியவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை சாம்பல் அள்ளுவது. சாம்பல் ஆறிவிட்டதுபோல் தெரியும். நம்பாதீர்கள்! உள்ளே ஒரு தணல் மறுநாள் வரைகூட உயிரோடு ஒளிந்திருக்கும். அதனால் பிளாஸ்டிக் வாளியோ கோணியோ கூடாது, இரும்பு வாளிதான். நன்றாக ஆறிய சாம்பலை வாசலில் உறைந்து கிடக்கும் பனி மேல் தூவினால் கால் வழுக்காது.

வாரத்துக்கு ஒரு முறையாவது குழாயைப் பார்க்க வேண்டும். விறகுப் புகை குழாயின் குளிர்ந்த சுவரில் பட்டுக் கரியாகவும் தாராகவும் ஒட்டிக்கொள்ளும். வளைவுகளில்தான் அதிகம் சேரும். அடுப்புக் கதவைத் திறக்கும்போது புகை முகத்தில் அடிக்கிறதா? குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அடுப்பு முழுக்க ஆறியபின் பெரியவர்கள் குழாயைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தட்டுவார்கள். சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டால் அந்தக் கரியே ஒருநாள் குழாய்க்குள் பற்றிக்கொள்ளும். காஷ்மீர் வீடுகளில் மரம் அதிகம் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்புறம் சும்மா இருக்குமா நெருப்பு?

புகாரி மேல் எப்போதும் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும். டீ போட மட்டுமல்ல. சூடு ஏறிய அறையில் காற்று உலர்ந்துபோய்த் தொண்டை வறளும். பாத்திரத்திலிருந்து எழும் ஆவி அதைச் சரிசெய்யும். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

இப்போது ஒரு கதை. ஒரு ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். அறையில் புகாரி. ஆனால் ஜன்னல் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தே இருந்தது. குளிர்காற்று ஊசிபோல் குத்தியது. 'இவ்வளவு விறகை எரித்துவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறார்களே, என்ன கெட்டிக்காரத்தனம்!' என்று நினைத்து, அந்த இடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தேன். சற்று நேரத்தில் வீட்டுப் பெரியவர் டீ கொண்டுவந்தார். துண்டைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உருவி என் கையில் கொடுத்தார். "பேட்டா, குளிரில் நடுங்கினால் காலையில் எழுந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். நெருப்புக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவோடு 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் எல்லா சீட்டிலும் வேறு யாரோ உட்கார்ந்துகொண்டால் ஆக்சிஜன் எங்கே ஏறும்? முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு தூக்கம் தூக்கமாக வரும். தூங்கிவிட்டால் ஆபத்து. ஏற்கெனவே தூங்குகிறவருக்கோ எதுவுமே தெரியாது. கதவு, ஜன்னலை இறுக்க மூடிக்கொண்டு கரியடுப்போடும் கேஸ் ஹீட்டரோடும் தூங்கியவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்தி அனேகமாக எல்லாக் குளிர்காலத்திலும் வருகிறது.

அதனால் படுக்கப் போகும் முன் புகாரியை அணைத்தாயிற்றா, காங்கிரி வெளியே போயிற்றா, ஜன்னல் இடுக்கு திறந்திருக்கிறதா என்று ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்களேன். கூட இருப்பவர் "தலை வலிக்குது, மயக்கமா வருது" என்றால், முதலில் எல்லாரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். அப்புறம் டாக்டர். இந்த வாயு சேர்ந்தால் கீச்கீச் என்று கத்துகிற பேட்டரிக் கருவியும் இப்போது கடையில் கிடைக்கிறது. நம் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அறைக்குள் கரியடுப்பு கொண்டுவந்து வைத்தாலும் இதே கதைதான்.

ஒரு வேலையை மறந்துவிட்டோமே... தண்ணீர்க் குழாய்! தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். இரும்புக் குழாயையே வெடிக்கவைத்துவிடும். அதனால் குழாய்களுக்குக் கோணிச் சாக்கைச் சுற்றிச் சட்டை போட்டுவிடுவார்கள். இரவில் குழாயைச் சொட்டுச்சொட்டாகத் திறந்துவிடுவதும் உண்டு. ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. 'தண்ணீரை வீணாக்காதே' என்று நம் வீட்டில் திட்டு விழும். அங்கே சொட்டும் குழாயை மூடினால்தான் திட்டு! காலையில் உறைந்து கிடந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றி இளக்க வேண்டும். நெருப்பு காட்டினால் பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும்.

ஹீட்டர் போட்டுக்கொள்ளலாமே என்கிறீர்களா? போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஊரே ஒரே நேரத்தில் போட்டால் கரன்ட் போய்விடும். பனி விழுந்து கம்பி அறுந்தால் இன்னும் மோசம். அப்போது கைகொடுப்பது பழைய காங்கிரியும் புகாரியும்தான்.

மார்ச் பிறக்கும்போது குட்டிக் குளிரும் மூட்டை கட்டிவிடும். பாதாம் மரங்கள் பூக்கும். பள்ளிக்கூடம் திறந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா புகாரியைக் கழற்றி முற்றத்தில் வைப்பார். நீங்கள் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் தட்டத் தட்ட, குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த கரி பொலபொலவென்று கொட்டும். துடைத்து, கோணியில் சுற்றி, பரணில் ஏற்றுங்கள். சுவரில் இருக்கும் ஓட்டையை மறக்காமல் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் குருவி வந்து கூடு கட்டிவிடும்!