பச்சை முத்து தெரிகிறதா?

வாருங்கள், வாசலிலேயே நிற்காதீர்கள்! மைக்ரோபயாலஜி லேபில் இன்று ஸ்போர் ஸ்டெயினிங். முதலில் கையுறை. மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் விரலில் பட்டால் லேசில் போகாது.

இன்றைய கதாநாயகன் பேசில்லஸ் சப்டிலிஸ். மண்ணிலும் வைக்கோலிலும் தாராளமாகக் கிடைக்கும் பாக்டீரியா. அகர் தட்டில் இரண்டு மூன்று நாளாக வளர்கிறது. முந்தாநாளே எடுத்திருந்தால் ஏமாந்திருப்போம்; சாப்பாடு தீர்ந்து பட்டினி தொடங்கினால்தான் அது தன் உடலுக்குள் ஸ்போரை, அதாவது கெட்டியான உறை போர்த்திய உறங்கும் செல்லைக் கட்டும். 1876-இல் ஃபெர்டினாண்ட் கோன் இதே பாக்டீரியாவில்தான் ஸ்போரைக் கண்டு எழுதினார். கொதிநீரையே தாங்கும் ஜீவன்!

அப்படிப்பட்ட உறைக்குள் சாயம் சும்மா நுழையுமா? கிராம் ஸ்டெயின் போட்டுப் பாருங்கள், ஸ்போர் இருக்கும் இடம் மட்டும் நிறமே ஏறாமல் வெறும் ஓட்டையாகத் தெரியும். இதற்கு 1933-இல் எளிய வழி சொன்னவர்கள் ஆலிஸ் ஷேஃபரும் மெக்டொனால்ட் ஃபுல்டனும்: ஆவி பிடிக்க வைத்தால் போதும்!

இதோ, ஸ்லைடில் தடவி, காயவைத்து, சூடு காட்டிய பாக்டீரியா ஸ்மியர். மேலே ஒரு துண்டு ப்ளாட்டிங் பேப்பர், அது முழுக்க நனைய மாலகைட் கிரீன். கொதிக்கும் பீக்கருக்கு மேலே ஸ்லைடு. 5 நிமிடம் ஆவி வந்துகொண்டே இருக்க வேண்டும், காகிதம் காயவே கூடாது. ஓரம் வெளுக்கிறது பாருங்கள், ஊற்றுங்கள் இன்னும் இரண்டு சொட்டு! ஆறிய பிறகுதான் கழுவ வேண்டும். சுடச்சுடக் குழாயடியில் காட்டினால் கண்ணாடி விரிசல் விடும்.

இனி வருவதுதான் எனக்கு உயிர். நிறம் நீக்க ஆல்கஹால் வேண்டாம், ஆசிட் வேண்டாம், வெறும் தண்ணீர்! மற்ற பாகமெல்லாம் பச்சையை உடனே விட்டுவிடுகிறது. ஸ்போர் விடுவதில்லை. சாயத்தை உள்ளே விட மறுத்த அதே உறை, சூட்டில் ஒருமுறை நுழைந்ததை இப்போது வெளியே விட மறுக்கிறது. அடடா, என்ன வீம்பு! கடைசியாக அரை நிமிடம் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம், ஒரு அலசல், முடிந்தது.

ஒரு சொட்டு எண்ணெய், நூறு மடங்கு லென்ஸ், மெதுவாக ஃபைன் ஃபோகஸ். வந்துவிட்டது! ரோஜா நிறக் கோல்கள், வயிற்றில் ஆளுக்கொரு பச்சை முத்து! டெட்டனஸ் கிருமியாக இருந்தால் முத்து நுனியில் புடைத்து, முரசடிக்கும் கோல் போல இருக்கும், இங்கே நடுவாக்கில். அந்த ஓரத்தில் தனியாகக் கிடக்கும் பச்சைகளையும் பாருங்கள். தாய்ச் செல் கரைந்து, வெளியே வந்துவிட்ட ஸ்போர்கள் அவை.

போதும் போதும், எழுந்திருங்கள், பின்னால் வரிசை நிற்கிறது!