நம்பிச் சொன்ன வார்த்தை யாருக்குச் சொந்தம்?



இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மும்பை தாராவியில் குடியிருக்கும் ஒரு சகோதரி. சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. பிழைப்புக்காக வந்த இடத்தில் கணவன் குடிக்கு அடிமையாகிவிட்டான். அக்கம்பக்கத்தில் சொல்ல நா எழவில்லை. ஊரிலிருக்கும் தாயிடம் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். ஒரு நாள் நள்ளிரவில், சபைப் பெண்களின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் நாலு வரி எழுதிவிடுகிறாள். கணவன் கை நீட்டியதையும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்ததையும் மறைக்காமல் எழுதுகிறாள். விடிவதற்குள் அநேகர் "ஜெபிக்கிறோம் சகோதரி" என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள். பாரம் சற்றே இறங்கினதுபோல இருக்கிறது.

மறுநாள் மாலை ஊரிலிருந்து நாத்தனாரின் தொலைபேசி வருகிறது. "எங்க அண்ணன் மானத்தை இப்படிக் கப்பலேத்திட்டீங்களே, மதினி!"

நடந்தது இவ்வளவுதான். குழுவிலிருந்த ஒருவர், "இந்தக் குடும்பத்திற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற குறிப்போடு அந்த நாலு வரியையும் மற்றொரு குழுவிற்கு அனுப்பிவிட்டார். அவருடைய மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு அந்தச் சகோதரி எந்தக் குழுவிலும் வாய் திறக்கவில்லை. அடி மட்டும் நிற்கவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வேலை தேடி நகரங்களுக்கு வந்த நம்மில் அநேகருக்கு, இப்படி எங்கோ நடந்ததாகக் கேட்ட ஞாபகம் இருக்கும்.

பெயர் சொல்லாத கூட்டம்

மனிதன் தன் பாரத்தை உறவினரிடம் சொல்லத் தயங்குவான். தன்னைப் போலவே பாடுபடுகிற அந்நியனிடம் சொல்லிவிடுவான். இந்த உண்மையின்மேல் கட்டப்பட்டதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம். 1935-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தரகர் ஒருவரும் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சந்தித்துக்கொண்டார்கள். இருவரும் குடியில் சிக்கிச் சீரழிந்தவர்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதிலேயே குடியை வெல்லும் வழி இருக்கிறதென்று கண்டார்கள். அவ்வியக்கத்தில் அவர்கள் பில் டபிள்யூ, டாக்டர் பாப் என்று மட்டுமே அழைக்கப்பட்டார்கள். 1950-இல் அவ்வியக்கம் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் கடைசி மரபு, பெயர் வெளியிடாமையே எல்லாவற்றிற்கும் ஆவிக்குரிய அஸ்திபாரம் என்கிறது. பேசுகிறவன் பயமின்றிப் பேசினால்தான் குணமாவான் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

அந்த அறைக்குச் சுவர் இருந்தது, கதவு இருந்தது. யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு அதே ஆறுதலைத் தேடி நாம் கைப்பேசிக்குள் போகிறோம். புற்றுநோயாளிகளுக்கு, பிள்ளைப்பேறு வேண்டுவோருக்கு, மனச்சோர்வில் இருப்போருக்கு, விசேஷித்த பிள்ளைகளைப் பெற்றோருக்கு என்று தனித்தனியே இணையக் குழுக்கள் இருக்கின்றன. இவை செய்யும் நன்மை பெரிது. சொந்தபந்தம் ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கும்போது, நள்ளிரவில் "நானும் இந்த வழியாய் வந்தவள்தான்" என்று ஒரு குரல் கேட்பது சாதாரண காரியமல்ல. ஆனால் அங்கே சுவர் எது, கதவு எது என்பதுதான் கேள்வி.

மூடிய கதவு மூடியதுதானா?

பேஷன்ட்ஸ்லைக்மீ என்பது நோயாளிகள் தங்கள் வியாதியையும் மருந்தையும் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெரிக்க இணையதளம். 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில், மனநோய் உள்ளவர்கள் பேசிக்கொள்ளும் அதன் பகுதிக்குள் ஒரு புதிய உறுப்பினர் நுழைந்து, மென்பொருளைக் கொண்டு அங்கிருந்த எழுத்துக்களை வாரி எடுத்தது தெரியவந்தது. விசாரித்தபோது, அந்தக் கணக்கு நீல்சன் என்னும் சந்தை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. தளத்தார் தங்கள் உறுப்பினர்களுக்கு இதை அறிவித்தார்கள். அதே வேளையில், தாங்களும் பெயர் நீக்கிய தகவல்களை மருந்து நிறுவனங்களுக்கு விற்பதுண்டு என்பதை நினைவூட்டினார்கள். அது விதிமுறைகளில் முன்பே இருந்ததுதான். ஆயினும் சில உறுப்பினர்கள் மனம் உடைந்து வெளியேறினார்கள். தளத்தார் நினைத்த "அந்தரங்கம்" ஒன்று. கண்ணீரோடு எழுதினவர் நினைத்த "அந்தரங்கம்" வேறொன்று.

2018-இல் இன்னொன்று வெளியானது. மார்பகப் புற்றுநோய் வரக்கூடிய மரபணு மாற்றம் உடைய பெண்கள் ஃபேஸ்புக்கில் மூடிய குழு ஒன்றை வைத்திருந்தார்கள். உள்ளே எழுதுவதை வெளியார் படிக்க முடியாது. ஆனால் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிலிருந்தே எடுக்க முடிந்தது. அந்தக் குழுவில் பெயர் இருப்பதே நோயின் அபாயத்தைச் சொல்லிவிடும் அல்லவா? அவ்வாண்டிலேயே ஃபேஸ்புக் அந்த அமைப்பை மாற்றியது.

நம்முடைய வாட்ஸ்அப் குழுவையும் பார்ப்போம். 2016 முதல் அதன் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டே போகின்றன. நடுவழியில் ஒருவர் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டு வழிக்குத்தான், வந்துசேரும் வீட்டிற்கு அல்ல. 2022 முதல் ஒரு குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம். அவர்களில் யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டலாம். சாதாரணக் குழுவில் நம் தொலைபேசி எண்ணும் எல்லாருக்கும் தெரியும். 2020-இல் மறைந்துபோகும் செய்தியும், 2025-இல் உரையாடலை மொத்தமாக வெளியே எடுப்பதைத் தடுக்கும் வசதியும் வந்தன. இவை நல்லவைதான். ஆனால் ஒருவர் திரையைப் படம்பிடிப்பதை இவை தடுப்பதில்லை. இதற்கு மேலும் ஒன்றுண்டு: நம் வீடுகளில் ஒரே கைப்பேசியைத் தாயும் பிள்ளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். குழுவில் நூறு பேர் என்றால், படிக்கிறவர்கள் நூறு பேர் மட்டும் அல்ல.

ஆகையால், இரகசியத்தைக் காப்பது கருவியல்ல, மனிதன்.

சாட்சி வேறு, விண்ணப்பம் வேறு

சண்டை மூளும்போது இரண்டு பக்கமும் நியாயம் பேசும். "நூறு பேர் இருக்கிற இடத்தில் எழுதினால் நாலு பேருக்குத் தெரியத்தானே செய்யும்?" என்பார் ஒருவர். "என் குடும்பம் என்று நினைத்தல்லவா சொன்னேன்!" என்பார் மற்றவர். இருவரும் பொய் சொல்லவில்லை. முன்கூட்டியே யாரும் வரம்பு சொல்லி வைக்காததால் வந்த விபரீதம் இது.

நமக்கு இதை விளங்கிக்கொள்ள நம் ஆராதனையிலேயே ஓர் அளவுகோல் உண்டு. சாட்சி சொல்லுகிறவர் தம்முடைய கதையைத் தாமே எழுந்து நின்று சொல்லுகிறார். எதைச் சொல்லவேண்டும், எதை விடவேண்டும், எப்போது சொல்லவேண்டும் என்று அவரே தீர்மானிக்கிறார். ஜெப விண்ணப்பம் அப்படியல்ல. அது காயம் ஆறுவதற்கு முன்பே திறந்து காட்டப்படுவது. ஒருவருடைய விண்ணப்பத்தை அவரைக் கேளாமல் நாம் எடுத்துச் சொன்னால், அவர் இன்னும் சொல்லத் துணியாத சாட்சியை நாம் திருடிச் சொன்னவர்களாகிறோம்.

எழுதுகிறவருக்கும் இதில் பங்குண்டு. நம் துக்கத்தில் பிறருடைய துக்கமும் கலந்திருக்கிறது. மகனுடைய மனநோயைப் பற்றித் தாய் எழுதும்போது, அது தாயின் கண்ணீர். ஆனால் வியாதி மகனுடையது. நாளைக்கு அவன் வேலைக்குப் போகவேண்டும், பெண் பார்க்கவேண்டும். பெயரும் ஊரும் இல்லாமல் எழுதினாலும் விண்ணப்பம் விண்ணப்பம்தான்.

சட்டம் சொல்லுவது

2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், நம்பிக்கையின் பேரில் தெரியவந்த ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை, சில விலக்குகள் தவிர, அவருடைய சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்கிறது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனி மனிதர் தம் சொந்த அல்லது வீட்டுக் காரியத்திற்காகத் தகவலைக் கையாளுவதற்குப் பொருந்தாது. எல்லா வாசலிலும் சட்டம் காவல் நிற்காது. பல இடங்களில் மனச்சாட்சிதான் நிற்கவேண்டும்.

அதேபோல, எல்லா மௌனமும் விசுவாசமல்ல. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தும் "குடும்ப விஷயம், வெளியே சொல்லக்கூடாது" என்று மூடிவைப்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும் ஆகும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம்வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இங்கே காவல்துறைக்குச் சொல்லுவது வேறு; குழுவில் எழுதுவது வேறு. அந்தக் குழந்தையின் பெயரோ, பள்ளியோ, படமோ எந்தக் குழுவிலும் வரவே கூடாது. உயிருக்கு ஆபத்தான நேரத்திலும் இப்படியே: உதவக்கூடியவருக்கு உடனே சொல்லவேண்டும், வேடிக்கை பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. குழுவை நடத்துகிறவர், புதிதாக வருகிறவருக்கு முதல் நாளிலேயே வரம்பைச் சொல்லட்டும்: இங்கே வந்தது வெளியே போகக்கூடாது, ஆபத்து என்றால் மட்டும் உரியவருக்குச் சொல்லப்படும்.

2. பிறருடைய விண்ணப்பத்தை அனுப்புமுன், "இதை இன்னாரிடம் சொல்லலாமா?" என்று எழுதினவரையே கேளுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் இல்லையென்றே கொள்ளுங்கள்.

3. அடி, கடன், வியாதி, தாம்பத்தியம் ஆகியவற்றைப் பெரிய குழுவில் எழுதாமல், நம்பத்தக்க ஒருவரிடமோ இருவரிடமோ பேசுங்கள்.

4. வீட்டில் வன்முறை இருந்தால் ஜெபத்தோடு நில்லாமல் உதவியையும் நாடுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, அவசரத்திற்கு 112.

5. தவறிப் போய் ஒன்றை அனுப்பிவிட்டீர்களானால், "நல்லெண்ணத்தில்தானே செய்தேன்" என்று வாதாடாதீர்கள். அழித்துவிட்டு, யாருக்கெல்லாம் போனது என்று உள்ளபடி சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள்.

யவீருவின் வீட்டில் நடந்ததை நாம் அறிவோம். அழுது புலம்பிய கூட்டம் முழுவதையும் ஆண்டவர் வெளியே அனுப்பினார். தாய் தகப்பனையும் மூன்று சீஷரையும் மாத்திரம் உள்ளே அழைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய அற்புதம் நடந்த பின்பும், யாரிடமும் சொல்லவேண்டாம் என்று உறுதியாய்க் கட்டளையிட்டார். அந்த வீட்டாரின் துக்கத்தை அவர் ஊருக்குக் காட்சியாக்கவில்லை.

இன்றிரவும் யாரோ ஒரு சகோதரி கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அவள் எழுதுவதும் எழுதாமல் போவதும், நேற்று இன்னொருத்தி எழுதினதை நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.