வீட்டுக் கணினியிலேயே ஒரு கிராணி

நெகிரி செம்பிலானின் லாபுவில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது பழைய கதை. ஆலயச் சந்தாவும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கும்கூட இப்போது நோட்டுப் புத்தகத்திலிருந்து எக்செலுக்கு ஏறிவருகின்றன. அப்படியொரு சங்கத்தின் செயலாளர், “இந்த ஆண்டு சந்தா கட்டாதவர்கள் யார்? ஆளுக்கொரு நினைவூட்டல் கடிதம் எழுதித் தா” என்று செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கடிதம் எழுத அதற்கு நன்றாகவே வரும். ஆனால், கணினிக்குள் இருக்கும் எக்செல் கோப்பு அதன் கண்ணில் படாது.

இந்தத் தடையை நீக்க, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ (எம்சிபி) என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதற்கு முன், 5 உதவியாளர்களை 20 செயலிகளோடு இணைக்க 100 தனித்தனி இணைப்புகள் எழுத வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு தரப்பும் நெறிமுறைப்படி ஒருமுறை எழுதினால் போதும், மொத்தம் 25.

வேலை நடக்கும் விதம் எளிது. எக்செல் கோப்பைத் திறக்கத் தெரிந்த சிறு நிரல் ஒன்று கணினியில் ஓடும். இதற்கு ‘சர்வர்’ என்று பெயர். ஆனால் இருப்பது நம் மேசைமேல்தான். ‘கோப்பைப் படிப்பேன், வரிசைகளைத் தேடுவேன்’ என்று தன் திறமைகளை அது முதலில் சொல்லிவிடும். உதவியாளர், ‘சந்தாப் பத்தி காலியாக உள்ள வரிசைகளைக் கொடு’ என்று கேட்கும். நிரல் தேடி எடுத்துக் கொடுக்கும். இந்தப் பரிமாற்றம் ஒரே கணினிக்குள் நடப்பதால் இதற்கு இணையம் தேவையில்லை.

கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. எடுத்த வரிசைகளைப் படித்துக் கடிதம் எழுதும் மொழி மாதிரி எங்கே இருக்கிறது? அது வெளிநாட்டு நிறுவனத்தின் கணினியில் இருந்தால், அந்த வரிசைகளும் அங்கே போகும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை அலுவலகத்திலேயே புரட்டுவதும், பக்கங்களை வெளியூருக்கு அனுப்பிக் கணக்குப் பார்ப்பதும் ஒன்றாகுமா?

அனுப்புவதில் என்ன போகிறது என்று பாருங்கள். பட்டியலில் உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணும் இருக்கலாம். மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், 05 என்றால் நெகிரி செம்பிலான். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது வணிகப் பரிவர்த்தனைகளுக்காக இயற்றப்பட்டது. சங்கப் பட்டியலுக்கு முதல் காவல் செயலாளர்தான். நினைவூட்டல் கடிதத்துக்கு அந்த எண் எதற்கு? அந்தப் பத்தியை நீக்கிய நகலைக் கொடுத்தாலே பாதி ஆபத்து கழியும்.

மீதிப் பாதிக்கு, மாதிரியையே வீட்டுக்குக் கொண்டுவரலாம். பல்கேரியாவைச் சேர்ந்த கியோர்கி கெர்கானோவ் 2023 மார்ச்சில் வெளியிட்ட ‘லாமா.சிபிபி’ என்ற மென்பொருள், சாதாரணக் கணினியிலும் மொழி மாதிரியை ஓட வைத்தது. ஒல்லாமா, எல்எம் ஸ்டூடியோ போன்ற செயலிகள் அதை எளிதாக்கின. சூட்சுமம் எண்களைச் சுருக்குவதில் இருக்கிறது. 800 கோடி எண்கள் கொண்ட மாதிரியில் ஒவ்வோர் எண்ணையும் 16 பிட்டில் வைத்தால் 16 ஜிபி வேண்டும். 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறக்குறைய 4 ஜிபி போதும். துல்லியம் சற்றுக் குறையும். ஆனால் 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் அடங்கிவிடும்.

குறைகளும் உண்டு. சிறிய மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியவை. தமிழ்க் கடிதத்தில் ஒருமை பன்மையே தடுமாறும். வாசித்துத் திருத்தாமல் அனுப்பக் கூடாது. கூட்டல் கழித்தலையும் அதனிடம் விடாதீர்கள்; சூத்திரத்தை மட்டும் எழுதச் சொல்லிவிட்டு, கணக்கை எக்செல் போடட்டும்.

இணைக்கும்போது முழுக் கணினியையும் திறந்துவிடாமல் ஒரே ஒரு கோப்புறையைக் காட்டுங்கள். படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். வெளியிலிருந்து வந்த ஆவணத்துக்குள் ‘இதையெல்லாம் இன்னாருக்கு அனுப்பு’ என்ற மறைகட்டளை ஒளிந்திருக்கலாம். உதவியாளர் அதையும் உங்கள் கட்டளையாக நினைத்து நிறைவேற்றிவிடக்கூடும். அனுப்பும் முன், அழிக்கும் முன் உங்களிடம் கேட்க வேண்டும் என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கணினியில் மாதிரியை ஓட்டும் இத்தகைய செயலிகள் சிலவும் இப்போது இணையத்தில் ஓடும் மாதிரிகளைப் பட்டியலில் சேர்த்துத் தருகின்றன. எது எங்கே ஓடுகிறது என்று குழம்பினால், இணைய இணைப்பை முழுதாகத் துண்டித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் மாதிரி உங்கள் கணினியில் இருக்கிறது.