வீட்டில் உருவான மின்கிட்டார்

1962ஆம் ஆண்டு நெதர்லாந்திலிருந்து ஒரு குடும்பம் கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றது. தந்தை கிளாரினெட் வாசிக்கும் இசைக்கலைஞர். தாயார் ஜாவாத் தீவைச் சேர்ந்தவர். அவர்களிடம் இருந்தவை சிறிதளவு பணமும் ஒரு பியானோவும்தான். அக்குடும்பத்தின் இளைய மகன் எட்டி வான் ஹேலனுக்கு அப்போது வயது ஏழு. பின்னாளில் அவர் உலகப் புகழ்பெற்ற கிட்டார் கலைஞரானார். ஆனால், அவருக்குப் புகழ் தேடித் தந்த கிட்டார் எந்தத் தொழிற்சாலையிலும் முழுமையாக உருவானதன்று. வெவ்வேறு பாகங்களை வாங்கி, செதுக்கி, பொருத்தி, அவரே தம் கைகளால் உருவாக்கிக்கொண்டது.

கடையில் வாங்காமல் அவரே செய்ததற்குக் காரணம் இருந்தது. 1970களில் இரண்டு வகை மின்கிட்டார்கள் பெரிதும் விரும்பப்பட்டன. ஒன்று ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். தந்திகளின் இறுக்கத்தை மாற்றிச் சுரத்தை அசைக்கும் கைப்பிடி அதில் இருந்தது. ஆயினும், அதன் ஒலி மெலிதாக இருந்தது; இரைச்சலும் கலந்து வந்தது. மற்றொன்று கிப்சன் நிறுவனத்தின் கிட்டார். அதன் ஒலி கனமானது, இரைச்சல் குறைவு. ஆனால், எட்டி விரும்பிய வகைக் கைப்பிடி அதில் இல்லை. இரண்டின் நன்மைகளும் ஒரே கிட்டாரில் வேண்டும் என்று அவர் விரும்பினார். அத்தகைய கிட்டார் கடையில் கிடைக்காததால், தாமே செய்யத் துணிந்தார்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, மின்கிட்டார் ஒலி எழுப்பும் முறையை அறிய வேண்டும். சாதாரணக் கிட்டாரில் உள்ளீடற்ற மரப்பெட்டி ஒலியைப் பெருக்குகிறது. பெரும்பாலான மின்கிட்டார்களின் உடலோ திண்மையான மரப்பலகை. அதில் தந்திகளுக்குக் கீழே ‘பிக்கப்’ எனப்படும் சிறு பாகம் பதிக்கப்பட்டிருக்கும். அதனுள் ஒரு காந்தமும், அதைச் சூழ்ந்து தலைமுடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்பது இதுவே. அந்த மின்குறிப்பு கம்பி வழியாக ஒலிபெருக்கியைச் சென்றடைந்து இசையாக வெளிப்படுகிறது. நைலான் தந்தி காந்தப்புலத்தை மாற்றாது. ஆகவே, இத்தகைய கிட்டாருக்கு எஃகுத் தந்தி இன்றியமையாதது.

ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப், தந்தியின் அதிர்வை மட்டுமன்றி, சுற்றியுள்ள மின்கம்பிகளும் விளக்குகளும் உண்டாக்கும் மின்காந்த அலைகளையும் ஏற்கிறது. அதனால்தான் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955ஆம் ஆண்டில் இதற்குத் தீர்வு கண்டார். அவர் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செயல்படும் இரண்டு சுருள்களை அருகருகே வைத்து இணைத்தார். இரண்டிலும் நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலியோ ஒன்றுசேர்ந்து வலுப்பெறுகிறது. இவ்வகைப் பிக்கப் ‘ஹம்பக்கர்’ எனப் பெயர் பெற்றது.

எட்டி, குறையுடையது என ஒதுக்கப்பட்ட மர உடல் ஒன்றை 50 டாலருக்கு வாங்கினார். கழுத்துப் பகுதியை 80 டாலருக்கு வாங்கினார். தம்மிடமிருந்த கிப்சன் கிட்டாரிலிருந்து ஹம்பக்கர் ஒன்றைக் கழற்றினார். அது புதிய உடலில் இருந்த குழியில் அடங்கவில்லை. எனவே, உளியால் மரத்தைக் குடைந்து குழியைப் பெரிதாக்கினார். அப்போது இன்னொரு சிக்கல் தோன்றியது. ஃபெண்டர் வகை உடலில் தந்திகள் சற்று அகலமாக விலகி நிற்கும். கிப்சன் பிக்கப்போ குறுகலானது. எட்டி பிக்கப்பைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தி, ஓரத் தந்திகள் இரண்டும் அதன் மேலே வருமாறு செய்தார். பார்ப்பவர்கள் அழகுக்காகச் செய்தது என்று நினைத்த அந்தச் சாய்வு, உண்மையில் ஓர் அளவுப் பிரச்சினைக்கான தீர்வு.

இன்றும் வீட்டில் கிட்டார் செய்வோர் அளவில் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். வீணையைப் போலவே கிட்டாரின் கழுத்திலும் மெட்டுகள் உள்ளன; தந்திகளைத் தாங்கும் குதிரையும் உண்டு. தந்தியின் மேல்முனைக்கும் குதிரைக்கும் இடையே உள்ள நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், அதாவது 324 மில்லிமீட்டரில் அமைய வேண்டும். குதிரை சில மில்லிமீட்டர் தள்ளி அமைந்தாலும் சுரங்கள் பிசகும். தந்தியை எவ்வளவு முறுக்கினாலும் அப்பிழை நீங்காது. ஆகவே, மரத்தில் துளையிடும் முன் இருமுறை அளப்பது நல்லது.

அடுத்து வருவது மின்னிணைப்பு. பல கிட்டார்களில் இரண்டு மூன்று பிக்கப்களும், அவற்றைத் தெரிவு செய்யும் விசையும், பல குமிழ்களும் இருக்கும். எட்டிக்கு அத்தனை இணைப்புகளையும் மீண்டும் பொருத்தத் தெரியவில்லை. எனவே, ஒரு பிக்கப்பையும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழையும் மட்டும் இணைத்தார். அறியாமையால் செய்த அந்த எளிய இணைப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அக்குமிழின் மேல் ‘டோன்’ என எழுதப்பட்டிருந்தது ஒரு வேடிக்கை. அது மாற்றியது ஒலியின் தன்மையை அன்று, அளவை மட்டுமே.

ஒரு பிக்கப் கொண்ட கிட்டாரின் இணைப்பு பின்வருமாறு அமையும். குமிழின் அடியில் ஒரு மாறுமின்தடை உள்ளது. ஹம்பக்கருக்குப் பெரும்பாலும் 500 கிலோ ஓம் அளவுடையது பயன்படுத்தப்படுகிறது. அதற்கு மூன்று கால்கள் உண்டு. பிக்கப்பின் குறிப்புக் கம்பி ஓரக் காலில் சேர்கிறது. நடுக்காலிலிருந்து செல்லும் கம்பி, ஒலிபெருக்கியின் செருகி பொருந்தும் துளையின் முனைத் தொடுப்பை அடைகிறது. மற்ற ஓரக் காலும், பிக்கப்பின் இரண்டாவது கம்பியும், செருகுதுளையின் வெளித் தொடுப்பும் மாறுமின்தடையின் உலோக உறையில் இணைகின்றன. இதுவே தரை இணைப்பு. குதிரையிலிருந்தும் ஒரு கம்பி இவ்வுறைக்கு வர வேண்டும். அக்கம்பி இருந்தால், வாசிப்பவரின் விரல் தந்தியைத் தொட்டதும் இரைச்சல் தணியும். ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறிவிட்டால், குமிழைக் கூட்டும்போது ஒலி குறையும், குறைக்கும்போது கூடும். அச்சம் வேண்டா, இடத்தை மாற்றிப் பற்றவைத்தால் போதும்.

பற்றாசு வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் இணைக்கும் இடத்தைச் சூடாக்கி, அதன் மேல் பற்றாசுக் கம்பியை உருகவிட வேண்டும். பற்றாசு வழிந்து பரவிப் பளபளப்பாக உறைந்தால் இணைப்பு நன்று. உருண்டையாக ஒட்டி நின்றால், அது விரைவில் விட்டுப்போகக்கூடும். நெடுநேரம் சூடாக்கினால் மாறுமின்தடை பழுதாகும். தந்திகளைக் கட்டும் முன், கிட்டாரை ஒலிபெருக்கியில் இணைத்து, ஒலியளவைக் குறைத்து வைத்து, பிக்கப்பின் மேல் திருப்புளியால் மெல்லத் தட்டலாம். ‘டொக்’ என்ற ஒலி கேட்டால் இணைப்பு சரி.

பாதுகாப்பையும் மறத்தல் கூடாது. மரத்தைத் தேய்க்கும்போது முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் தேவை. பற்றவைக்கும்போது காற்றோட்டமான இடத்தில், பெரியவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். கிட்டாருக்குள் பாயும் மின்சாரம் மிகச் சிறியது. ஆனால், ஒலிபெருக்கிக்குள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கிறது. அதனைத் திறக்கவே கூடாது.

கிட்டார் உருவான பின்னும் எட்டியின் சோதனை முடியவில்லை. மிகுந்த ஒலியில் வாசித்தபோது பிக்கப் கீச்சிட்டது. உள்ளே தளர்வாக இருந்த கம்பிச் சுருள்கள் தாமே அதிர்ந்ததுதான் காரணம். உருகிய மெழுகில் பிக்கப்பை அமிழ்த்தினால் மெழுகு உள்ளே புகுந்து கம்பிகளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் என எட்டி எண்ணினார். எண்ணம் சரிதான்; ஆனால், சூடு மிகுந்ததால் பிக்கப்கள் உருகி வீணாயின. இழப்பைக் கண்டு அவர் பின்வாங்கவில்லை. பக்குவம் கைவந்த பிறகு கீச்சொலி நின்றது. இன்று பல பிக்கப் தயாரிப்பாளர்களும் மெழுகில் அமிழ்த்தும் முறையைக் கையாள்கின்றனர்.

வெவ்வேறு பாகங்களை ஒட்டிச் சேர்த்ததால் அந்தக் கிட்டார் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று அழைக்கப்பட்டது. அதற்கு அவர் ஒட்டுநாடாவைக் கொண்டு கறுப்பு வெள்ளைக் கோடுகள் தீட்டினார். பின்னர், மிதிவண்டிக்குப் பூசும் சிவப்பு வண்ணத்தையும் சேர்த்தார். 1978ஆம் ஆண்டில் அவருடைய குழுவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது, கிட்டார் வாசிப்போர் பலர் வியந்து கேட்டனர்.

2019ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அங்கே, விலையுயர்ந்த கருவிகளின் நடுவே ஃபிராங்கன்ஸ்டைனும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. உளி பட்ட தழும்புகளும் உதிர்ந்த வண்ணமும் அதில் அப்படியே இருந்தன. அத்தழும்பு ஒவ்வொன்றும், கிடைக்காத ஒன்றைத் தாமே செய்து பார்த்த ஓர் இளைஞரின் முயற்சிக்குச் சான்றாக நின்றது.