வடிகட்டியை ஏமாற்றும் நடுத்தரத் தூசி

'எங்கள் அலுவலகம் பசுமைக் கட்டடம். வரவேற்பறையில் சான்றிதழ்கூட மாட்டியிருக்கிறார்கள். பிறகு ஏன் மதியம் மூன்று மணிக்கே எல்லோருக்கும் தலை கனக்கிறது?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பதிலுக்கு முன்னால் ஏசியின் காற்று வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். வடிகட்டிகளில் கெட்டிக்காரரான 'ஹெப்பா', 1940களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவானது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கு விதி. அதைவிடப் பொடியானவை தப்பிவிடுமே என்பீர்கள். இல்லை, அவைதான் சுலபமாக மாட்டும்!

காரணம், அது சல்லடை அல்ல. கண்ணாடி இழைகள் சிக்கிக் கிடக்கும் புதர். காற்று இழையைச் சுற்றி வளைந்து போகும்போது, கனத்த துகள் வளையத் தெரியாமல் நேரே போய் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகப் பொடியான துகளைக் காற்றின் மூலக்கூறுகளே இடித்துத் தள்ளும். திருவிழாக் கூட்டத்தில் கையை உதறிவிட்டு ஓடும் குழந்தைபோல அது அங்குமிங்கும் அலைந்து, எங்காவது ஓர் இழையில் முட்டிவிடும். கனமும் இல்லாமல் அலைச்சலும் இல்லாமல் காற்றோடு நழுவுவது நடுத்தர அளவுத் துகள்தான். அதனால்தான் சோதனையை அதை வைத்தே செய்கிறார்கள். அலுவலக ஏசியில் இருப்பது பெரும்பாலும் ஹெப்பாவின் எளிய தம்பி என்றாலும் தத்துவம் ஒன்றே.

ஆனால் நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடு வாயு. எந்த இழையிலும் அது சிக்காது. வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருப்பது, நெரிசலான கூட்ட அறையில் ஆயிரத்தைத் தாண்டும். வெளிக்காற்று வந்தால்தான் குறையும். அதைக் குளிர்விக்கச் செலவாகுமே! எண்ணெய் விலை எகிறிய நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி போதும் என்று சிக்கனம் பிடித்தார்கள். தலைவலிப் புகார்கள் குவிந்தன. 1989இல் அளவை 15 ஆக்கினார்கள். நம்மவர்களோ காற்று சுத்தமாகும் என்று மூலைக்கு மூலை மணிபிளாண்ட் வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் காற்றிலுள்ள ரசாயன ஆவிகளைச் செடிகளால் மட்டுமே காற்றோட்டத்துக்கு நிகராக அகற்ற, சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்கிறது 2019இல் வந்த ஓர் ஆய்வு. உட்கார இடம் ஏது?

வாசகி ஏசி பராமரிப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: வெளிக்காற்றுக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது? வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள்?