பெற்ற மனமும் பெருந்தொற்றும்

“பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு” என்பது நம்மவர் பழமொழி. பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்து, உத்தியோகம் ஏற்று, தானும் தகப்பனான பின்பும் பெற்றவருக்கு அவன் குழந்தையே. இதனை 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனாப் பெருந்தொற்று நமக்கு நன்கு உணர்த்திற்று.

லேக் கார்டன்ஸிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் ஊரிலும் மக்கள் இங்குமாக இருக்கின்றனர். கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறினால் மறுநாள் மாலை சென்னை என்னும் தைரியமே இத்தனை காலமும் தூரத்தை மறக்கச் செய்தது. 2020 மார்ச் 22 நள்ளிரவோடு பயணி வண்டிகள் நின்றன. அந்தத் தைரியமும் அன்றே நின்றது. அடுத்த சில நாட்களில் உள்நாட்டு விமானங்களும் நின்றன. மே 20 அன்று அம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கிப் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனபோது, ஊரிலிருந்த பெற்றோர் பட்ட பாட்டைக் கூறவும் வேண்டுமோ? லேக் கார்டன்ஸ் நிலையம் வழியே செல்லும் புறநகர் வண்டிகள் பொதுமக்களுக்காக மீண்டும் ஓடியது நவம்பர் 11ஆம் தேதிதான். அதுவரை ஊழியர் சிறப்பு வண்டிகளில் பணிக்குச் சென்று வந்த நம்மைப் போன்றோரின் தாய்மார், ஒவ்வோர் இரவும் நம் குரலைக் கேட்ட பின்னரே உறங்கினர்.

முதலாண்டில் முதியோருக்கே ஆபத்து மிகுதி என்று மக்கள் பெற்றோரை எண்ணிக் கலங்கினர். மறு ஆண்டில் நிலைமை மாறிற்று. தடுப்பூசி 2021 மார்ச் 1 முதல் அறுபது வயது கடந்தோர்க்கும், ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து வயது கடந்தோர்க்கும் கிடைத்தது. பதினெட்டு வயதானோர்க்கு மே 1 அன்றுதான் வழி திறந்தது. இரண்டாம் அலையோ ஏப்ரலிலேயே பெருகிவிட்டது. ஊசி போட்டுக்கொண்ட தாய், போட்டுக்கொள்ளாத மகனை எண்ணிக் கலங்கிய காலம் அது!

அத்தாய்மார் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தனர். வங்காளத் தாய்மார் சீதளா தேவியைத் தொழுதனர். இருவரும் அம்மை நோயோடு தொடர்புடைய தெய்வங்களே. நாம் அந்நோயையே ‘அம்மை’ என்றோம். வங்காளியர் ‘மாயேர் தயா’, அதாவது தாயின் கருணை என்றனர். அப்பெரியம்மை இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு மறைந்தது. உலகிலிருந்தே ஒழிந்ததென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. ஆயினும் மாரியம்மன் கோயிலில் விளக்கு அணையவில்லை. வேண்டுதலும் வேண்டும், ஊசியும் வேண்டும் என்று இரண்டையும் ஏற்றுக்கொண்டவர்கள் நம் முன்னோர். எனவே, காசு முடியும் தாயைக் கண்டு நகைப்பதும் தகாது. காசு முடிந்தாயிற்றே என்று ஊசியை மறுப்பதும் தகாது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் அலுவலக நண்பர் ஒருவர் நோயுற்றுப் பதினான்கு நாள் தனியறையில் கிடந்தார். ஊரிலிருந்த தாயார் கலங்குவாரே என்று, “வெறும் ஜலதோஷம்” என்று மட்டும் கூறிவந்தார். குணமான பின் உண்மை தெரிந்தது. அந்த அம்மையார் கோபிக்கவில்லை, “உனக்காக வேண்டிக்கொள்ளவாவது விட்டிருக்கலாமே, அப்பா!” என்றாராம்.

இச்சொல்லை நாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. அருகிலிருந்தால் கஞ்சி வைத்துத் தருவார். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தாய்க்கு எஞ்சியுள்ள ஒரே பணிவிடை பிரார்த்தனைதான். நோயை மறைக்கும் மகன் அவளது கவலையைக் குறைப்பதில்லை. அவளது பணியைப் பறிக்கிறான். மேலும், ஒரு முறை பொய்யென்று தெரிந்தால், பின்னர் அவன் மெய்யாகவே “நலம்” என்றாலும் அவள் மனம் நம்பாது.

ஆகவே அன்பர்களே, உள்ளதை உள்ளபடி சொல்வோம். “காய்ச்சல் 101 இருந்தது, இன்று 99, ஆக்சிஜன் அளவு 97, மருத்துவரிடம் பேசியாயிற்று” என்று எண்ணோடு கூறினால், அதனைப் பற்றிக்கொண்டு பெற்ற மனம் ஓரளவு நிலைகொள்ளும். 2023 மே 5 அன்று கொரோனா நெருக்கடிநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆனால் கொல்கத்தாவில் மழைக்காலந்தோறும் டெங்குக் காய்ச்சல் வருகிறது. ஊரிலிருந்து தொலைபேசியும் வருகிறது. “எப்படி இருக்கிறாய்?” என்னும் கேள்விக்கு மெய்யான விடை தருவது மக்களாகிய நம் கடமை. வேண்டுவதைப் பெற்றோர் பார்த்துக்கொள்வர்.